போட்டோ மக்கில் இருக்கும் முகம் எத்தனை நாள் நிற்கும்?

பிறந்தநாளா, போட்டோ மக். கல்யாண நாளா, போட்டோ மக். ஆபீஸில் ஒருத்தர் வேலையை விட்டுக் கிளம்புகிறாரா, டீம் மொத்தமும் சிரிக்கும் குரூப் போட்டோவோடு ஒரு மக். என்ன பரிசு வாங்குவது என்று தெரியாதபோது கை தானாகப் போகிற இடம் இதுதான். விலை சில நூறு ரூபாய். ஒன்றிரண்டு நாளில் கையில் கிடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, "உனக்காகவே ஸ்பெஷலா செஞ்சது" என்று சொல்லிக் கொடுக்கலாம்.

சரி, அந்த மக் இரண்டு வருஷம் கழித்து எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது பேனா ஸ்டாண்ட் ஆகியிருக்கும். அல்லது வாஷ்பேசின் பக்கத்தில் டூத்பிரஷ் தாங்கிக்கொண்டிருக்கும். தினமும் காபி குடித்த மக்காக இருந்தால் இன்னும் மோசம்: சட்டையின் சிவப்பு மங்கி, முகம் வெளிறி, ஓரத்தில் கீறல் விழுந்து, சிரிப்பு மட்டும் அரைகுறையாகத் தெரியும். உபயோகிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. குழந்தையின் முகம் இருக்கிற பொருளைக் குப்பைத்தொட்டியில் எப்படிப் போடுவது?

போட்டோ மக் மேல் தப்பு சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. பீங்கானில் படம் ஏற்ற பல வழிகள் உண்டு. சில வழிகள் சில மாத உபயோகத்துக்கு, சில வழிகள் நூறு வருஷத்துக்கு. பிரச்சினை என்னவென்றால், கடையில் எல்லாமே ஒரே பேரில்தான் விற்கிறது: "லைஃப்டைம் பிரிண்ட்". எது எது என்று வாங்குகிறவருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பேர் வெட்டிய பாத்திரம்

பாத்திரத்தை 'பர்சனலைஸ்' செய்வது தமிழ் வீடுகளுக்குப் புதுசு கிடையாது. சமையலறைப் பரணில் இருக்கும் பழைய எவர்சில்வர் குடத்தையோ, அடுக்குச் சட்டியையோ, தட்டையோ எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தெரியும். விளிம்புக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஓர் எழுத்து வரிசை ஓடும். கொடுத்தவர் பேர், வாங்கியவர் பேர், காதுகுத்தா கல்யாணமா என்ற விவரம், தேதி. பாத்திரக் கடை வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து உளியாலோ மின்சார ஊசியாலோ வெட்டிக் கொடுப்பார். "பேர் வெட்டணுமா?" என்று கேட்காத பாத்திரக் கடை அந்தக் காலத்தில் அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வெட்டுதல் என்றால் உலோகத்திலேயே பள்ளம் விழுகிறது. மேலே எதுவும் பூசப்படுவதில்லை. அதனால் தேய்த்தாலும், புளி போட்டு விளக்கினாலும், ஐம்பது வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. இரண்டாவது, அது தகவல். யார், யாருக்கு, எப்போது, எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் பதில் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது. பாட்டி இல்லாத வீட்டிலும் பாத்திரம் அவருடைய அண்ணன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

போட்டோ மக்கில் நிலைமை தலைகீழ். முகம் இருக்கிறது, விவரம் இல்லை. "ஹேப்பி பர்த்டே அம்மா" என்று இருக்கும். எந்த அம்மா, எந்த வருஷம் என்று இருக்காது. முகமும் நிற்காமல் போனால், மிச்சம் ஒரு வெள்ளை மக்தான்.

படம் மக்கில் ஏறுவது எப்படி?

இன்று கடைகளில் கிடைக்கும் போட்டோ மக் பெரும்பாலும் 'சப்ளிமேஷன்' என்ற முறையில் செய்யப்படுகிறது. பேர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. பீரோவில் போட்ட பாச்சை உருண்டை சில மாதத்தில் காணாமல் போகும் இல்லையா? டப்பாவைத் திறந்து வைத்தால் கற்பூரம் தானாகக் குறையும் இல்லையா? உருகித் தண்ணீராகாமலே திடப்பொருள் நேராக ஆவியாகிறது. அதுதான் சப்ளிமேஷன்; தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பதங்கமாதல்.

மக்கில் நடப்பதும் அதே. படம் முதலில் ஒரு தனி வகைத் தாளில், தனி வகைச் சாயத்தால், கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாற்றி அச்சாகிறது. அந்தத் தாளை மக்கைச் சுற்றி டேப் போட்டு ஒட்டி, மக் உட்காரும் வடிவில் இருக்கும் ஹீட் பிரஸ்ஸில் வைக்கிறார்கள். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் மூன்று நிமிடம். சாயம் ஆவியாகி மக்கின் மேல்பூச்சுக்குள் நுழைந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடும்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத சங்கதி இருக்கிறது. அந்தச் சாயம் பீங்கானில் ஒட்டாது. மக்கின் மேல் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும் பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக் பூச்சில்தான் அது தங்கும். வீட்டில் இருக்கும் நல்ல கப்பைக் கொண்டுபோய் "இதுல போட்டுக் குடுங்க" என்றால் கடைக்காரர் முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். மக் எப்போதும் வெள்ளையாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்த முறையில் வெள்ளை நிறத்தை அச்சடிக்க முடியாது. படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடம் எல்லாம் மக்கின் சொந்த வெள்ளை.

ஆக, போட்டோ மக்கின் ஆயுள் என்பது பீங்கானின் ஆயுள் அல்ல. அந்த மெல்லிய பிளாஸ்டிக் பூச்சின் ஆயுள். பூச்சு தரமாக இருந்து, மென்மையான ஸ்பாஞ்சால் கழுவினால் வருஷக்கணக்கில் நன்றாகவே இருக்கும். ஸ்டீல் நாரும் பாத்திரம் துலக்கும் பவுடரும் பட்டால் கீறும். ஜன்னலோர வெயிலில் தினமும் வைத்தால் சாயம் வெளிறும். டிஷ்வாஷரின் கடும் சூடும் காரமும் பூச்சை மெல்ல மெல்ல அரிக்கும்.

சூடாக ஊற்றினால் கறுப்பு மறைந்து முகம் தெரியும் 'மேஜிக் மக்' இருக்கிறதே, அதில் சூட்டுக்கு நிறம் மாறும் இன்னொரு பூச்சும் சேர்ந்திருக்கிறது. பூச்சு கூடக் கூட கவனிப்பும் கூட வேண்டும். கையால் மட்டும் கழுவுவது நல்லது. மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சூளைக்குள் போகும் படம்

பீங்கானில் நிரந்தரமாகப் படம் ஏற்றும் வித்தை 250 வருஷத்துக்கும் மேல் பழசு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இது பெரிய தொழிலானது. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி, மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளை ஈரம் காயும் முன் பீங்கான்மேல் அழுத்தி, பிறகு சூளையில் வைப்பார்கள். லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லரும் கை கிரீனும் 1756இல் ஆறு மணி நேரத்துக்குள் 1,200க்கும் மேற்பட்ட டைல்களில் படம் அச்சிட்டதாகச் சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுத்தார்கள். கையால் வரைந்தால் ஒருத்தருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்! ஜோசையா வெட்ஜ்வுட் தன் பாத்திரங்களை அச்சடிக்க இவர்களிடம்தான் அனுப்பினார்.

பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்த படம் போட்ட தட்டு சாதாரண வீட்டு மேசைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பாலம், மரம், இரண்டு பறவை என்று நீல நிறத்தில் வரும் 'வில்லோ' டிசைன் உலகம் முழுக்கப் பரவியதும் இந்த முறையால்தான்.

போட்டோ வந்த கொஞ்ச காலத்திலேயே அதையும் சூளைக்குள் வைத்துப் பார்த்துவிட்டார்கள். பிரான்சில் லஃபோன் த கமர்சாக் என்பவர் 1854இல், புகைப்படத்தைப் பீங்கானிலும் எனாமலிலும் சுட்டு நிரந்தரமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலி போன்ற நாடுகளின் கல்லறைத் தோட்டங்களில், கல்லில் பதித்த முட்டை வடிவப் பீங்கான் வில்லையில் இறந்தவரின் முகம் இருக்கும். மழை, வெயில், பனி எல்லாவற்றையும் தாண்டிப் பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. கூரை இல்லாத இடத்தில் முகம் நிற்கிறது என்றால் அதுதான் நிஜமான 'லைஃப்டைம் பிரிண்ட்'.

இன்றைக்கு இதே வேலையைச் செய்வது 'செராமிக் டெக்கால்'. சின்ன வயசில் தண்ணீரில் நனைத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதே தொழில்நுட்பம். சாயத்துக்குப் பதில் உலோக ஆக்சைடு நிறமிகளால் படம் அச்சாகும்: நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு இரும்பு, பச்சைக்குக் குரோமியம். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி வரும் படலத்தைப் பளபளப்பான பீங்கான்மேல் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, காய்ந்ததும் சூளையில் சுடுவார்கள். பொதுவாக 750 முதல் 850 டிகிரி. அந்தச் சூட்டில் படலம் எரிந்துபோகும். நிறமி மட்டும் கண்ணாடி போன்ற மேற்பூச்சோடு உருகிச் சேரும். இன்னும் அதிகச் சூட்டில் சுட்டால் நிறம் அந்தக் கண்ணாடிப் பூச்சுக்கு உள்ளேயே அமிழ்ந்துவிடும்.

200 டிகிரிக்கும் 800 டிகிரிக்கும் இருக்கும் வித்தியாசம்தான் இரண்டு வருஷத்துக்கும் இரண்டு தலைமுறைக்கும் இருக்கும் வித்தியாசம்.

அப்படியென்றால் ஏன் எல்லாரும் இதைச் செய்வதில்லை? ஒற்றை மக்குக்குச் சூளை ஏற்றினால் கட்டுப்படி ஆகாது. நிறமும் போட்டோவில் பார்த்த மாதிரியே வராது. மனிதத் தோல் நிறத்தைச் சூட்டுக்குப் பிறகும் சரியாகக் கொண்டுவருவது கஷ்டம். அதனால் ஸ்டுடியோக் கலைஞர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். சில கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்களின் டோனரில் இரும்பு ஆக்சைடு உண்டு. அதில் டெக்கால் தாளில் அச்சடித்துச் சுட்டால், கறுப்பு எரிந்து இரும்பு மட்டும் தங்கி, பழைய ஆல்பம் போலப் பழுப்பு நிறத்தில் முகம் கிடைக்கும். கலர் இல்லை, ஆனால் போகாது.

தமிழ்நாட்டைச் சுற்றி இதற்கான அறிவுக்குப் பஞ்சம் இல்லை. விருத்தாசலம் நீண்டகாலமாகப் பீங்கான் தொழில் நடக்கும் ஊர். செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் அங்கே இருக்கிறது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் பலர் தனித்தனி ஸ்டுடியோ நடத்துகிறார்கள். சூளையும் இருக்கிறது, கையும் இருக்கிறது. பிறந்தநாள் பரிசு தேடும் ஐ.டி. ஊழியருக்கும் அவர்களுக்கும் நடுவில் பாலம்தான் இல்லை.

"வீட்டிலேயே ஒட்டிக்கலாம்" வீடியோக்கள்

இன்ஸ்டாவில் இன்னொரு வகை ஓடுகிறது. டிஷ்யூ தாளில் போட்டோவை அச்சடித்து, பசை தடவிப் பானையிலோ தட்டிலோ ஒட்டி, மேலே வார்னிஷ் அடிப்பது. செலவு குறைவு, குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்ய ஜாலியான வேலை. பூந்தொட்டியின் வெளிப்பக்கம், சுவரில் மாட்டும் தட்டு, விளக்கு வைக்கும் தாங்கி என்றால் தாராளமாகச் செய்யலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் வேண்டாம்.

முதலாவது, சாப்பாடு தொடும் இடம். பசைக்கும் வார்னிஷுக்கும் டப்பாவில் 'நச்சில்லாதது' என்று போட்டிருக்கலாம். குழந்தை கையில் பட்டால் பயமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். சுடு சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது, தண்ணீர்ப் பானை. மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே தண்ணீர் கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகி, அந்த ஆவியாதலோடு உள்ளே இருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. பானை முழுக்க போட்டோ ஒட்டி வார்னிஷ் அடித்தால் துளைகள் அடைபடும். பானை அழகாக இருக்கும், தண்ணீர் குளிராது. உள்ளிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொஞ்ச நாளில் வார்னிஷும் கொப்புளம் கட்டி உரியும். மானாமதுரைப் பானை வாங்கி வந்து அதன் ஒரே வேலையையும் பிடுங்கிவிட்டால் எப்படி?

ரசம் ஊற்றலாமா?

அழகு, ஆயுள் இரண்டையும் விடப் பெரிய கேள்வி இது.

பீங்கான்மேல் போடும் நிறங்களிலும், அவற்றை உருகவைக்கச் சேர்க்கும் பொருளிலும் ஈயம் இருந்த வரலாறு நீண்டது. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுக்கு காட்மியம். நன்றாகத் தயாரித்து, சரியான சூட்டில் சுட்டால் இவை கண்ணாடிப் பூச்சுக்குள் பூட்டப்பட்டுவிடும். அரைகுறையாகச் சுட்டால், புளிப்பான உணவு பட்டவுடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். ரசம், மோர், எலுமிச்சைச் சாறு, தக்காளித் தொக்கு, ஊறுகாய் என்று புளிப்பில்லாத நாளே இல்லாத சாப்பாடு தமிழ்ச் சாப்பாடு.

ஈயத்தைப் பொறுத்தவரை, இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். மூளை வளர்ச்சியையே அது தொடும்.

இதைச் சோதிக்கச் சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்ட முறை இருக்கிறது. பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட சமையல் வினிகரின் புளிப்புள்ள திரவத்தை, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊற்றி வைத்து, எவ்வளவு ஈயமும் காட்மியமும் கரைந்து வந்தது என்று அளப்பார்கள். குடிக்கும் பாத்திரம் என்றால் வாய் படும் விளிம்பிலிருந்து 20 மி.மீ. வரையான வெளிப்பகுதிக்குத் தனிக் கவனம் உண்டு. வெளிப்பக்கம்தானே, சாப்பாடு படாதே என்று சொல்ல முடியாது. உதடு படுகிறதே!

சப்ளிமேஷன் மக்கில் இந்த ஈய விவகாரம் பொதுவாகப் பெரிசாக எழுவதில்லை. படம் வெளிப்பக்கம் இருக்கிறது, சாயமும் வேறு வகை. ஆனால் அதே கடையில் போட்டோ பிரிண்ட் போட்ட *தட்டும்* விற்கிறதே, அதில் படம் சோறு போடும் பக்கத்தில் இருக்கிறது. அது சுவரில் மாட்டவா, சாப்பிடவா? பல நேரம் பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது.

செய்தித்தாளில் வடை, பஜ்ஜியைச் சுற்றித் தரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறை சொல்கிறது. அச்சு மை சாப்பாட்டில் படக் கூடாது என்பதே காரணம். பொட்டலத் தாளுக்கு இருக்கும் இந்தப் புரிதல், முகம் அச்சடித்த தட்டை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இருக்க வேண்டாமா?

எச்சில் படும் முகம்

தொழில்நுட்பத்தைத் தாண்டி இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதைப் பலரும் வெளியே சொல்வதில்லை.

டம்ளரை அண்ணாந்து குடித்துப் பழகிய வீடுகளில் எச்சில் என்பது வெறும் சுத்தம் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. சாமி படம் போட்ட மக்கை ஆசையாக வாங்கி வந்தால் பாட்டி அதில் காபி குடிக்க மாட்டார். பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைப்பார். காலமான அப்பாவின் முகம் இருக்கிற மக்கில் வாய் வைத்துக் குடிக்க மகளுக்குக் கை வராது. குடித்துவிட்டு அதை எச்சில் பாத்திரத்தோடு ஸிங்க்கில் போடுவதற்கு இன்னும் வராது. பிள்ளையின் முகம் இருக்கும் தட்டில் மீன் முள்ளை ஒதுக்க யாருக்கு மனசு வரும்?

"இதெல்லாம் ரொம்ப ஓவர், வெறும் பிரிண்ட்தானே" என்று சிரிப்பவர்கள் உண்டு. தப்பில்லை, ஒவ்வொரு வீடும் ஒரு மாதிரி. ஆனால் அந்தத் தயக்கம் பழமைவாதம் மட்டும் அல்ல. உபயோகிக்கும் பொருள் தேயும், கறை படும், ஒருநாள் உடையும். ஒரு முகத்தை அதில் போடும்போது அந்த முகமும் தேயும், கறை படும், உடையும் என்பதை மனசு முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. பெட்டியைத் திறந்ததும் "சூப்பர்!" என்று சொல்லிவிட்டு மக்கை அப்படியே ஷோகேஸில் வைப்பது அந்தக் கணக்கின் விடைதான்.

பேர் வெட்டிய பாத்திரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பேர் கறை படாது. பேரின் மேல் சோறு விழுந்தால் யாருக்கும் உறுத்தாது. முன்னோர் முகத்தைச் சுவரிலும், பேரைப் பாத்திரத்திலும் வைத்ததில் ஒரு தெளிவு இருந்தது.

கடைக்காரர் பக்கம் என்ன நியாயம்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சப்ளிமேஷன் என்பது குறைந்த முதலீட்டில், ஒற்றை அறையில் தொடங்கக்கூடிய தொழில். ஒரு பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், வெள்ளை மக் பெட்டிகள். ஜெராக்ஸ் கடையில் வருமானம் குறைந்தவர்களுக்கும், ஸ்டுடியோ தொழில் படுத்தவர்களுக்கும், வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் பெண்களுக்கும் இது கைகொடுத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான போட்டோ போனுக்குள்ளேயே கிடந்து மறக்கப்படும் காலத்தில், அதில் ஒன்றையாவது எடுத்துக் கையில் தொடும் பொருளாக ஆக்குகிறார்கள். அதைக் கேலி செய்ய எதுவும் இல்லை.

விலையும் நியாயம்தான். சில நூறு ரூபாய்க்குச் சூளையில் சுட்ட முகத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கக்கூடியது உண்மையை. "இது மேல்பூச்சில் ஏற்றிய படம், ஸ்பாஞ்சால் கழுவுங்க, வெயிலில் வைக்காதீங்க" என்று பெட்டியில் ஒரு வரி. "இந்தத் தட்டு அலங்காரத்துக்கு மட்டும்" என்று பின்பக்கம் ஒரு வரி. இதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டிக்கர். "லைஃப்டைம்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் வியாபாரம் குறையும் என்று பயப்படத் தேவையில்லை. ஒருமுறை முகம் அழிந்துபோன மக்கைப் பார்த்தவர் திரும்ப அந்தக் கடைக்கு வர மாட்டார். சொல்லி விற்றவரிடம் வருவார்.

அந்த போட்டோ யாரிடம் இருக்கிறது?

ஆர்டர் போடும்போது குழந்தையின் போட்டோ வாட்ஸ்அப்பில் போகிறது, அல்லது வெப்சைட்டில் ஏறுகிறது. மக் வந்துவிட்டது, போட்டோ? கடையின் கம்ப்யூட்டரிலேயே கிடக்கலாம். "எங்கள் வேலையைப் பாருங்கள்" என்று கடையின் இன்ஸ்டா பக்கத்தில் மாதிரியாகவும் வரலாம். எந்தத் தேவைக்காகத் தகவல் வாங்கப்பட்டதோ அது முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது இன்னொன்று. சட்டம் தெரு முனைக் கடைவரை வர நாளாகும். "வேலை முடிஞ்சதும் டெலிட் பண்ணிடுங்க, பேஜ்ல போடாதீங்க" என்று ஒரு மெசேஜ் அனுப்ப நாளாகாது.

ஆர்டருக்கு முன் ஐந்து கேள்விகள்

1. படம் எதில் ஏறுகிறது? மேல்பூச்சிலா, சூளையில் சுட்டா? தெரியாது என்று பதில் வந்தால் மேல்பூச்சு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

2. இது உபயோகத்துக்கா, அலங்காரத்துக்கா? தட்டு, கிண்ணம் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். உள்பக்கமோ சோறு படும் பக்கமோ படம் இருந்தால், உணவுக்கு ஏற்றது என்று எழுத்தில் இல்லாதவரை சுவரில் மாட்டுவதே நல்லது.

3. விளிம்பு காலியாக இருக்கிறதா? வாய் படும் இடத்திலிருந்து கீழே இரண்டு சென்டிமீட்டர் படம் இல்லாமல் விடச் சொல்லலாம்.

4. போட்டோவின் அளவு போதுமா? வழக்கமான 325 மில்லி மக்கைச் சுற்றி வரும் படம் சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம். தெளிவாக வர 2,400க்கு 1,100 பிக்சல் அளவாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புவது நல்லது.

5. பேரும் தேதியும் இருக்கிறதா? மக்கின் அடியிலோ கைப்பிடி பக்கத்திலோ யார், யாருக்கு, எப்போது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

முகத்துக்கு ஓர் இடம், பேருக்கு ஓர் இடம்

மொத்தத்தில் செய்ய வேண்டியது ஒரு சின்னப் பிரிவினை. தினமும் கையில் புழங்கப்போகும் பாத்திரம் என்றால் பேர், தேதி, ஒரு வரி வாழ்த்து போதும். முடிந்தால் வெட்டியதாகவோ சுட்டதாகவோ இருக்கட்டும். முகம் நிற்க வேண்டும் என்றால் அதற்குச் சூளையில் சுட்ட ஒரு டைல் அல்லது சுவர்த் தட்டு. ஐந்து வருஷம் ஐந்து மலிவான மக் கொடுப்பதற்குப் பதில் ஒரே ஒரு டைல். தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து காசு போட்டால் கட்டுப்படியாகாத விலை இல்லை. ஜாலிக்கு, நட்புக்கு, ஆபீஸ் ஃபேர்வெல்லுக்கு என்றால் சப்ளிமேஷன் மக்கே போதும். நன்றாக இருக்கும்வரை இருக்கட்டும், மங்கினால் பேனா போட்டு வைக்கலாம். அது அவ்வளவுதான் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றமும் இல்லை.

2050களில் ஏதோ ஒரு பேத்தி பரணைத் துழாவும்போது அவள் கைக்கு இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்றில், யார் என்றே தெரியாத, பாதி அழிந்த ஒரு சிரிப்பு. இன்னொன்றில், கொள்ளுப்பாட்டியின் பேரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக. இன்று வாங்கும் பரிசு அதில் எந்தப் பக்கம் சேரப்போகிறது என்பதை, ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் கேட்கும் ஒரு கேள்வி தீர்மானிக்கும்: "அண்ணா, இது சூளையில் சுட்டதா?"